ஓடும்போது விலாவில் குத்தினால்...

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கிடையே காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகும் இளைஞர்கள் உண்டு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடித்தாக வேண்டும். பாதி வழியில் விலாவில் சுருக்கெனக் குத்தினால் பல மாத உழைப்பும் வீணாகிவிடும்.

இது அரிதானதன்று. ஓட்டக்காரர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் ஓராண்டில் ஒருமுறையேனும் இவ்வலியை உணர்கின்றனர் என 2015இல் வெளியான ஆய்வுரையொன்றில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் மோர்டனும் காலிஸ்டரும் குறிப்பிட்டனர். உதரவிதானம் இறுகுவதே காரணமென முன்பு எண்ணினர். வயிற்றின் உட்சுவரை மூடிய மெல்லிய சவ்வு உறுத்தப்படுவதே காரணமாகலாம் என்பது இவர்களது கருத்து.

வயிறு நிறைந்திருப்பதும் இனிப்புப் பானங்களும் இவ்வலியைத் தூண்டும். ஆகவே ஓடுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் வயிறார உண்ணலாகாது. சர்க்கரை மிகுந்த தேநீரும் பழரசமும் வேண்டா. தண்ணீரைச் சிறுகச் சிறுக அருந்துக. ரமளானில் நோன்பு திறந்து, கஞ்சியும் சர்பத்தும் அருந்திய உடனே ஓடுவதையும் தவிர்த்திடுக.

வலி வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுக. வலிக்குமிடத்தை விரல்களால் அழுத்தி, சற்றே முன்குனிக. பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

ஓய்வெடுத்தும் நீங்காத வலியோ, நெஞ்சில் இறுக்கமோ, மயக்கமோ இருப்பின் அது வெறும் விலாக்குத்து என்று இருந்துவிடாதீர்கள். தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வேலையை மறுமுறையும் தேடலாம், உடல்நலம் அப்படியன்று.