பாட்டன் மண்

மயிலாடுதுறைப் பக்கத்துப் பூர்வீக நன்செயை விற்றுவிட்டு, பெருந்துறை அருகே இரண்டு ஏக்கர் புன்செய் தேடுகிறேன். பாட்டன் மண்ணை விற்பது மகா பாவமாம், பந்துக்கள் உபதேசிக்கிறார்கள். அடைமழை ஈரத்தில் என் மனைவி இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பதை இவர்களில் யார் கண்டார்கள்? பெருந்துறையின் வறண்ட காற்றை நம்பித்தான் அங்கே காசநோய் மருத்துவமனையே எழுந்தது. மகள் ஈரோட்டில் இருக்கிறாள். கூப்பிட்டால் ஒரு மணிக்குள் வந்து நிற்பாள்.

1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. மூழ்கிய ஊர்களின் குடிகள் வேறு மண் தேடிப் போனார்கள். அந்த நீரில்தான் நம் வயல்கள் விளைந்தன. அவர்களைப் பாவிகள் என்றோமா?

என் பாட்டனும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான். அன்று அவரைத் தடுக்கப் பந்துக்கள் இல்லை போலும்!