ஏரியையும் பாருங்கள்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது பகுதிகள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லும் முறை. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய உறவினர்களும் நிற்க முடியாது. இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சுவரைத் தொட்டு வணங்கலாம். ஆனால், நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபை அது. உழுதவர்களுக்கோ பெண்களுக்கோ அதில் இடமில்லை. இதை மறைத்து ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடில்லை.

அந்தச் சபை அமைத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஆறு பேர், ஓராண்டுப் பொறுப்பு. ஊரை வாழவைத்த வயிரமேகத் தடாகம் என்ற அந்த ஏரி பல்லவர் காலத்தது. கல்வெட்டுக்குக் காவல் இருக்கிறது, தகவல் பலகை இருக்கிறது. அந்தச் சபை கண்ணும் கருத்துமாகக் காத்த ஏரியையோ வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்து வரும் ஆசிரியர்கள் அடுத்த முறை ஏரிக்கரைக்கும் கூட்டிப்போகட்டும். தூர் வாருவது, கரை காப்பது, மதகு திறப்பது பற்றி அங்கே நின்று பேசட்டும்.