புருவத் தழும்பை அழித்த மென்பொருள்: செயற்கை நுண்ணறிவுப் படங்களும் எங்கள் சாட்சியங்களும்

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் தாயொருவர் தன் மகனின் படத்தை என்னிடம் தந்தார். அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இறுதிப் போரின்போது இடம்பெயர்ந்த இடமெல்லாம் பையொன்றுக்குள் வைத்துத் தூக்கித் திரிந்ததில் நடுவே மடிப்பு விழுந்து, இடது கன்னத்தின் குறுக்கே வெள்ளைக் கோடாக வெடித்திருந்தது. மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவர். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. போராட்டத்துக்குப் பிடித்துச் செல்ல அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தரமுடியுமா என்று கேட்டார்.

செய்தி எழுதுவதோடு, இப்படிப்பட்ட பதாகைகளை வடிவமைத்துக் கொடுப்பதும் எனக்கு வழக்கம். பழைய படங்களைச் சீராக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அதை ஏற்றினேன். அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. மடிப்பு இல்லை, புள்ளிகள் இல்லை, கண்கள் பளிச்சென்று இருந்தன. நிறமும் போட்டிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா அதைக் கனநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்குத் தம்பி. ஆனா இது அவன் இல்லை" என்றார். பிறகு விரலை வைத்துக் காட்டினார். ஏழு வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து புருவம் வெடித்த தழும்பு மூலப்படத்தில் மெல்லிய இடைவெளியாக இருந்தது. புதிய படத்தில் புருவம் முழுதாக வளர்ந்திருந்தது. வலது காது கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். அது உள்ளே போயிருந்தது. நிறம் இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. சேதத்தை மட்டும் அழிக்குமென்று நான் நம்பிய கருவி, ஆளையே மாற்றியிருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்தப் படம்தான். எங்கள் ஊர்களில் மரண அறிவித்தல், முப்பத்தியோராம் நாள் நினைவு மலர், மே 18 பதாகை, முகநூல் பதிவு எல்லாவற்றிலும் இப்போது இந்தக் கருவிகள் நுழைந்துவிட்டன. "நல்ல படம் எடுப்பது எப்படி" என்று சொல்லித்தரும் காணொளிகளும் நிறைய உண்டு. எங்களுக்கு எது நல்ல படம் என்பதை அவை சொல்வதில்லை.

முதலில், தழும்பு ஏன் அழிந்தது? இந்தக் கருவிகள் தெளிவில்லாத இடத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பதில்லை. அங்கே என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்புகின்றன. அந்த ஊகம் அவை முன்னர் பார்த்த முகங்களிலிருந்து வருகிறது. முகம் தொடர்பான பல மென்பொருட்களுக்குப் பயிற்சியாக இருந்தது என்விடியா நிறுவனம் பிளிக்கர் தளத்திலிருந்து தொகுத்த 70,000 முகங்கள். அவற்றில் வன்னிப் பொடியன்களின் முகங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கருவி ஒன்றில் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை ஏற்றியபோது, அது ஒரு வெள்ளையரின் தெளிவான முகத்தைத் தந்தது. உலகமே அறிந்த முகத்துக்கு அப்படி நடந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளின் முகம் மாறினால் தெரிவது தாய்க்கு மட்டும்தான். தாயும் இல்லாத காலத்தில்?

பிறகு நான் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். பிரேமுக்குள் இருக்கும் படத்தைக் கைப்பேசியால் எடுக்கக்கூடாது. கண்ணாடியில் தெறிக்கும் வெளிச்சத்தையும் கருவி முகத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். படத்தை வெளியே எடுத்து 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யவேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அந்தக் கோப்பில் கைவைக்காமல், பிரதி ஒன்றில்தான் திருத்தம் செய்யவேண்டும். முழுப் படத்தையும் "அழகாக்கு" என்று கொடுக்காமல், சேதமான இடத்தை மட்டும் தெரிவுசெய்து அந்த இடத்தை மட்டும் நிரப்பச் சொல்லலாம். பல கருவிகளில் இந்த வசதி இருக்கிறது. எழுதிக் கட்டளை கொடுப்பதென்றால், கீறலை மட்டும் நீக்கு, முகத்தின் அமைப்பு, தழும்பு, தோல் நிறம், காது அப்படியே இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். சொன்னாலும் முழுமையாகக் கேட்குமென்று இல்லை. ஆகவே இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, ஆளைத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை. நிறம் போடுவதை நிறுத்திவிட்டேன். அந்தச் சேட் என்ன நிறம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விடயம். இலவசம் என்பதற்காக எந்தச் செயலியிலும் பிள்ளைகளின் படங்களை ஏற்றாதீர்கள். ஏற்றும் படத்தைத் தங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பல சேவைகள் நிபந்தனைகளுக்குள்ளேயே எடுத்துக்கொள்கின்றன. 2025 மார்ச்சில் எல்லோரும் குடும்பப் படங்களை ஜிப்லி பாணி ஓவியமாக மாற்றிப் போட்டபோது இதை யோசித்தவர்கள் குறைவு. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படத்தை ஏற்றமுதல் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

பழைய படத்தைத் திருத்துவது ஒருபுறம். இல்லாத படத்தைப் புதிதாக உருவாக்குவது வேறு கதை. கட்டுரைக்கும் கவிதைக்கும் படம் வேண்டுமென்று நானும் முயன்றிருக்கிறேன். "யாழ்ப்பாணத்து வீடு" என்றால் தமிழ்நாட்டுச் சினிமாவில் வரும் தூண் வைத்த வீடு வந்தது. "தமிழ்ப் பெண்" என்றால் பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கழுத்து நிறைய நகை. இந்தக் கருவிகள் இணையத்திலுள்ள படங்களையும் அவற்றின் அருகே எழுதப்பட்ட சொற்களையும் சோடி சோடியாகப் படித்தவை. லயன் 5பி என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி சோடிகள். அதற்குள் தருமபுரத்துத் தகரக் கொட்டில் எவ்வளவு இருக்கும்? இருந்தாலும் அதன் அருகே என்ன சொல் எழுதப்பட்டிருக்கும்?

அதனால் பெயரைச் சொல்வதை விட்டு, தோற்றத்தைச் சொல்லவேண்டும். பனை என்று சொன்னால் தென்னை வரும். கறுத்த நேரான தண்டு, விசிறி போல விரிந்த ஓலை, உச்சியில் மட்டும் கொத்து என்று சொன்னால் பனைக்கு ஓரளவு கிட்ட வரும். தென்னை வேண்டாம் என்று எழுதினால் பெரும்பாலும் தென்னைதான் வரும். வேண்டாததைச் சொல்லாமல் வேண்டியதைச் சொல்லவேண்டும். பூசாத கல்வீடு, தகரக் கூரை, கிடுகு பின்னிய வேலி, காலை வெயில், ஆள் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று இடம் குறித்துச் சொல்லுங்கள். நீங்களே எடுத்த ஒரு வேலியின் படத்தை மாதிரியாகக் கொடுத்தால் நூறு சொல் எழுதுவதைவிடப் பலன் அதிகம். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தமிழ் எழுத்தை அதனிடம் விடாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எழுத்தைப் பிறகு நாங்களே போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் கைவந்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. உண்மைப் படம் போலவே வரும் படத்தை எங்கே வைப்பது?

2025 இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியில் அகழ்வு நடந்துகொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. தாயின் எலும்புக்கூடு ஒன்று குழந்தையின் எலும்புக்கூட்டை அணைத்தபடி. அனுப்பியவர் அழுதுகொண்டு அனுப்பியிருந்தார். பெருப்பித்துப் பார்த்தேன். குழந்தையின் ஒரு கையில் ஆறு விரல். (புதிய கருவிகள் விரலைச் சரியாகவே போடுகின்றன, இந்தச் சோதனை இனிக் கனநாளைக்கு உதவாது.) அதே குழியிலிருந்து 200 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. பாடசாலைப் பையும் பொம்மையும் கிடைத்தன. ஓகஸ்டில் அந்தப் பொருட்களை மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். இத்தனை உண்மை மண்ணுக்குள்ளிருந்து வந்துகொண்டிருக்கும்போது, ஆறு விரல் குழந்தை எங்களுக்கு எதற்கு?

உருவாக்கியவரின் வலியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எங்கள் விடயத்தில் எதிர்த்தரப்பின் முதல் பதில் எப்போதும் "போலி" என்பதாகவே இருந்திருக்கிறது. 2009 ஓகஸ்டில் சனல் 4 வெளியிட்ட, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியை அரசாங்கம் போலி என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் சுயாதீன நிபுணர்களைக் கொண்டு அதை ஆராய்ந்து, அது உண்மையானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். அவருக்குப் பின் வந்த கிறிஸ்டொவ் ஹெய்ன்ஸ், நீளமான இன்னொரு காணொளியையும் ஆராய்ந்து 2011 இல் அதே முடிவுக்கு வந்தார். கோப்பு இருந்தது; அதைக் கூறுபோட்டுப் பார்க்க முடிந்தது. 2021 மார்ச்சில் நிறைவேறிய மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தின்படி ஜெனிவாவில் சாட்சியங்கள் திரட்டப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே போகும் ஒவ்வொரு படத்திடமும் இனி "நீ பிறந்தது கமராவிலா, கணினியிலா" என்ற கேள்வி இருக்கும். நாங்களே பரப்பும் ஒவ்வொரு போலிப் படமும் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கலல்ல. 2021 இல் கொலம்பியாவில் நடந்த போராட்டங்களின் மீதான பொலிஸ் வன்முறையை நினைவூட்ட, சர்வதேச மன்னிப்புச் சபை 2023 இல் செயற்கை நுண்ணறிவுப் படங்களை வெளியிட்டது. போராடியவர்களின் முகத்தைக் காட்டினால் அவர்களுக்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் உண்மைப் படங்கள் இருக்க ஏன் இது என்று கண்டனம் எழ, படங்களை நீக்கினார்கள்.

அப்படியென்றால் ஒன்றும் செய்யக்கூடாதா? படமே இல்லாத சம்பவங்கள் எங்களிடம் எண்ணிக்கையற்றவை. மாத்தளனில் பங்கருக்குள் ஒரு குடும்பம் எப்படி இருந்தது என்பதை எந்தக் கமராவும் பார்க்கவில்லை. அதைச் சொன்ன ஒருவரின் வாக்குமூலத்துக்கு நான் படம் உருவாக்கினேன்: கமராவில் எடுத்தது போல் அல்ல, கரித்துண்டால் தாளில் கீறியது போல் வேண்டும் என்று கேட்டேன். முகங்கள் தெரியக்கூடாது என்றும் சொன்னேன். பங்கர் வாசலில் அடுக்கியது மண்மூட்டை அல்ல, சேலையில் தைத்த மூட்டை என்று அவர் திருத்தினார், மறுபடி செய்தோம். ஐந்தாவது தடவையில் "ஓம், இப்பிடித்தான்" என்றார். படத்தின் கீழ்மூலையில், வெட்டி எடுக்க முடியாதபடி, இது கணினியால் கீறப்பட்டது என்று எழுதினேன். நான் செய்த படங்களில் இதைத்தான் நல்லது என்பேன். யாரும் இதைப் புகைப்படம் என்று நினைக்கப்போவதில்லை.

உண்மைப் படங்களைப் பகிரும்போதும் ஒரு கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த திகதி, கமரா விபரங்கள் எல்லாம் கழன்றுவிடும். கோப்பாக அனுப்பினால் அவை தங்கும். சாட்சியமாகக்கூடிய எதையும் கோப்பாகவே அனுப்புங்கள். மூலத்தை எங்காவது பத்திரப்படுத்துங்கள்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் இல்லை. முல்லைத்தீவில் தகப்பன் ஒருவர், "மகன் இப்ப எப்பிடி இருப்பான் எண்டு காட்டேலுமோ?" என்று கேட்டார். செய்யலாம். அமெரிக்காவில் காணாமல்போன பிள்ளைகளுக்காக ஓவியர்கள் பெற்றோரின் படங்களைப் பார்த்து அப்படி வரைகிறார்கள். தேடுவதற்கு அது உதவுகிறது. இங்கே யார் தேடுகிறார்கள்? நாற்பது வயது முகமொன்றைக் கையில் கொடுத்துவிட்டு நான் வந்துவிடுவேன். அவர் அதோடு இரவில் என்ன செய்வார்? நான் செய்யவில்லை. செய்யாதது சரிதானா என்றும் தெரியவில்லை.

கிளிநொச்சி அம்மாவுக்கு, ஸ்கேன் செய்த படத்தையே பெரிதாக்கிக் கொடுத்தேன். கன்னத்துக் கோட்டை மட்டும் கையால் மெல்லியதாக்கினேன். பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் மங்கல்தான். புருவத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, மழைக்கு நனையாமல் லமினேற் பண்ணித் தரச் சொன்னார்.