பாதத்தில் மச்சம் இருந்தால் பயணம்

மச்சத்துக்கு சாஸ்திரம் வைத்திருக்கிற ஆட்கள் நாம். உதட்டில் இருந்தால் ஒரு பலன், முதுகில் இருந்தால் இன்னொரு பலன். உள்ளங்காலில் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவான், வெளிநாடு போவான். அதிர்ஷ்டம் அடித்தவனுக்குப் பெயரே மச்சக்காரன். இவ்வளவு நுணுக்கமாக மச்சம் பார்க்கிற ஊரில், உள்ளங்காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி வந்து ஆறு மாதமாகப் பெரிதாகிக்கொண்டே போனால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். “கால் ஆணியா இருக்கும், மெடிக்கல்ல கார்ன் கேப் வாங்கி ஒட்டு” என்பார்கள். வயதானவர்கள் எருக்கம்பால் வைக்கச் சொல்வார்கள். தோல் புற்றுநோயாக இருக்குமோ என்று இழுத்தால் சிரிப்பார்கள். “அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றதுப்பா.”

இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

அதில் பாதி உண்மை இருக்கிறது. கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரை நன்றாகவே தடுக்கிறது. வெள்ளைத் தோல்காரர்களோடு ஒப்பிட்டால் நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. சரி. ஆனால் தோல் புற்றுநோய்களில் ஆபத்தான மெலனோமா நம்மைப் போன்றவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். வெயில் இதற்கு முக்கியக் காரணம் இல்லை என்பதால் மெலனின் குடை அங்கே உதவுவதில்லை. பாப் மார்லியை நினைத்துக்கொள்ளுங்கள். கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததை முதலில் ஃபுட்பால் ஆடியபோது பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1977-இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

நோயைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கச் சொல்லித்தரும் பாடமும் இரவல் பாடம்தான். மச்சம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஓரம் சீராக இருக்கிறதா, நிறம் ஒன்றா பலவா, விட்டம் எவ்வளவு என்று ‘ஏ, பி, சி, டி’ என்ற சூத்திரத்தை நியூயார்க் மருத்துவர்கள் 1985-இல் வகுத்தார்கள். ‘மாறுகிறதா’ என்ற ‘இ’ பின்னால் சேர்ந்தது. வெள்ளை முதுகில் மச்சம் தேட அருமையான சூத்திரம். நகத்தடியிலும் குதிகாலிலும் வருவதை அது அடிக்கடி தவறவிடும். தோலை நிறவாரியாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலும் 1975-இல் வெள்ளைத் தோலின் நான்கு வகைகளோடுதான் தொடங்கியது. மாநிறமும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பிறகு ஒட்டப்பட்டன. அதே 1975-இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. தோல் என்றால் நிறம், தோல் டாக்டர் என்றால் முகப்பரு, முடி, ‘கலர்’ என்று பழகிப்போனோம். பாதம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

“ஆப் வந்துடுச்சே, போட்டோ எடுத்தா ஏஐ சொல்லிடும்” என்பார்கள் நம் ஐடி நண்பர்கள். என் தொழில் என்பதால் இதைச் சும்மா விட முடியாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஏறக்குறைய 1,30,000 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மாடல், 21 தோல் மருத்துவர்களுக்கு ஈடாகக் கணித்தது என்று பெரிய செய்தியானது. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அடங்கிய இன்னொரு குழு, இம்மாதிரி அல்காரிதம்களிடம் கறுப்புத் தோல் படங்களையும் கொடுத்துப் பார்த்தது. துல்லியம் சரிந்தது. காட்டாத தோலை எந்த மாடலும் கற்றுக்கொள்ளாது. ஆப் “பயமில்லை” என்று சொன்னால், தெரியாத ஊரில் வழி சொல்பவன் தன்னம்பிக்கையோடு சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நாம் எதைத்தான் பார்ப்பது? பெரிய சாஸ்திரம் இல்லை.

உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக வந்து பெரிதாகும் கரும்புள்ளி. நகத்தில் கறுப்புக் கோடு: மாநிறக்காரர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய கோடு இருப்பது சகஜம். ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து அகலமாவதும், கறுப்பு நகத்தைத் தாண்டிச் சதைக்குப் பரவுவதும் சகஜமில்லை. ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண். பல வருடம் முன்பு தீப்பட்ட தழும்பில் திடீரென்று உடையும் புண்: பழைய தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் வளரும் புற்றுநோய் நம் ஊர்களில் நன்கு தெரிந்த ஒன்று. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு மட்டும் வெயில் உண்மையான எதிரி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. குளிர் அடிப்பதால் வெயில் இல்லை என்று அர்த்தமில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட ஒரு பெண் குன்னூர்ப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குதிகாலில் கறுப்பாக ஒன்று. அட்டைக்கடி, முள், கவாத்து வெட்டிய குச்சி என்று அந்தக் காலில் எப்போதும் ஏதாவது ஒரு காயம் இருக்கும். எனவே முதல் மூன்று மாதம் அதுவும் காயம்தான். பிறகு தோட்ட ஆஸ்பத்திரியில் களிம்பு. தோட்ட முதலாளி மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் களிம்பு கொடுப்பதும் அந்தச் சட்டப்படி மருத்துவ வசதிதான். “கோயம்புத்தூர் போய்ப் பாரு” என்று சீட்டு எழுதினால், ஊட்டியிலிருந்து 85 கிலோமீட்டருக்கும் மேல், மலைப்பாதை, மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் கிடையாது. ஒரு நாள் ஓபி சீட்டுக்கு, ஒரு நாள் பயாப்சிக்கு, ஒரு நாள் ரிசல்ட்டுக்கு. மூன்று நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, பஸ் காசு. இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள்: “கத்தி வெச்சா பரவிடும்டி.” பரவாது. சதை எடுத்துப் பார்க்காமல் விட்டால்தான் அது தன் பாட்டுக்குப் பரவும்.

மெலனோமாவில் உயிர் மில்லிமீட்டரில் இருக்கிறது. தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை வைத்துத்தான் நோயின் போக்கைக் கணிக்க முடியும் என்று 1970-இல் பிரெஸ்லோ காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். நிணநீர்க் கட்டிக்கு ஏறிவிட்டால் கதையே வேறு. அவள் தள்ளிப்போட்ட மாதங்கள் அந்த மில்லிமீட்டரில்தான் செலவாகின்றன. இதற்குப் பெயர் அலட்சியம் என்று சொல்பவர்களை ஒரு வாரம் அவள் சம்பளத்தில் வாழச் சொல்ல வேண்டும்.

2022 ஜனவரியில் நீலகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லது. சிகிச்சை மலையேறி வந்திருக்கிறது. பார்வையும் லைன் வீடு வரை ஏற வேண்டும். அது நடக்கவே நடக்காத காரியமில்லை. 1990-இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீட்டு வாசலுக்கு அனுப்பிக் காட்டியது. 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறது. சர்க்கரை இருந்தால் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தின் பால பாடம். அந்தப் பாதத்தைத் திருப்பும்போது கரும்புள்ளி இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா என்று கூடுதலாகப் பத்து நொடி.

“கோடியில் சிலருக்கு வர்ற நோய்க்கு எல்லாரையும் ஸ்கிரீனிங் பண்ணச் சொல்றியா?” இல்லை. வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் எண்ணிக்கையில் அதிகம், பரிசோதனைப் பட்டியலில் அவை முன்னால் இருப்பதே நியாயம். நான் கேட்பது தனி முகாம் இல்லை, ஏற்கெனவே கையில் எடுத்த காலை முழுதாகப் பார்ப்பது. தோட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு விதி: ஒரு மாதம் களிம்புக்கு ஆறாத எதற்கும் மறுபடி களிம்பு எழுதக் கூடாது, தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. ஊட்டியில் தோல் ஓபி நாளிலேயே சதையும் எடுத்து, ரிசல்ட்டைப் போனில் சொல்லிவிட்டால் மூன்று பயணம் ஒன்றாகும்.

இதைப் படிக்கும் பலர் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பீர்கள், அம்மா அப்பா மலையில் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறோம். அந்தக் காலின் அடியைப் பார்த்தவர் எத்தனை பேர்? அடுத்த முறை ஊருக்குப் போனால் பாருங்கள். ஏதாவது இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். அது ஆப்புக்கு அல்ல, டாக்டரிடம் தேதியோடு காட்ட. எப்போது காட்டுவது என்று யோசித்தால், திரும்பும் பஸ் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.