மின்கலத்துக்கு முன்னே மின்விசிறி

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், கட்டுமாவடி அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையையும் புரட்டிப்போட்டது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இப்போது வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் பெருகி வருகின்றன. அப்படியொரு புயல் மீண்டும் வந்தால், அந்த வீடுகளிலாவது விளக்கு எரியுமா?

மின்கலம் இல்லாத வீடுகளில் எரியாது. மின்தொகுப்புடன் இணைந்த அமைப்பில், வெளியே மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. உச்சி வெயிலில், கூரையில் தகடுகள் இருந்தும் விசிறி சுழலாத நிலையை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

மின்கலம் வாங்கினால் தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் தருகிறது. அந்த மானியம் தகட்டின் திறனுக்கே; மின்கலத்துக்கு அன்று. பகலில் மிகும் மின்சாரத்தை மின்தொகுப்புக்கு அளித்து, இரவில் பெறுவதுடன் கழித்துக்கொள்ளும் வசதி இருக்கையில், வீட்டுக்காரருக்கு மின்தொகுப்பே மின்கலமாகிவிடுகிறது. தமிழகத்தில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகவும் கிடைக்கிறது. பிறகு அவர் ஏன் மின்கலத்தில் முதலிடுவார்?

ஆனால், மாலை உச்ச நேரச் சுமையைக் குறைப்பதும், பேரிடரில் ஊருக்கு வெளிச்சம் தருவதும் மின்கலத்தின் பொதுப் பயன்கள். தனிமனிதருக்கு ஆதாயம் குறைவாகவும் சமூகத்துக்கு மிகுதியாகவும் உள்ள முதலீட்டைச் சந்தை செய்யாது. அரசே செய்ய வேண்டும். புயல் பாதுகாப்பு மையம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பள்ளி ஆகியவற்றில் அது தொடங்கட்டும்.

அங்கும் முதல் செலவு மின்கலமாக இருக்கக் கூடாது. 20 மின்விசிறிகள் கொண்ட ஒரு பாதுகாப்பு மையத்தை எண்ணிப் பாருங்கள். 75 வாட் பழைய விசிறிகள் இரவில் 10 மணி நேரம் சுழல 15 யூனிட் தேவை. 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் 6 யூனிட் போதும். மின்கலத்தின் அளவும் விலையும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கூரைக்கு வெண்பூச்சும் குறுக்குக் காற்றோட்டமும் அமைந்தால் தேவை மேலும் குறையும்.

அடுத்த படி, பயன்பாட்டைப் பகலுக்கு நகர்த்துவது. மேல்நிலைத் தொட்டியை நண்பகலில் நிரப்பினால், அந்த நீரே சேமித்த மின்சாரம். கட்டுமாவடி போன்ற மீன்பிடி ஊர்களில் பனிக்கட்டியும் அப்படித்தான்; பகல் வெயிலில் உறையவைத்து, வெப்பம் புகாத அறையில் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் பிறகு எஞ்சும் இரவுத் தேவைக்கு மட்டுமே மின்கலம்.

புயல் நாளில் வானம் மூடியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கஜாவின் பெருந்துயரம் அந்த ஓர் இரவோடு முடியவில்லை. வெயில் அடித்த அடுத்தடுத்த நாள்களிலும் ஊர் இருண்டே கிடந்தது. காற்றுக்குப் பெயராதபடி தகடுகளை உறுதியாகப் பொருத்தி, அளவான மின்கலத்தை இணைத்திருந்தால், மையத்தில் தங்கியோருக்கு விளக்கும் விசிறியும் கைப்பேசித் தொடர்பும் கிடைத்திருக்கும்.

எத்தனை கிலோவாட் நிறுவினோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறோம். மின்கம்பம் சாய்ந்த இரவில் எத்தனை பொதுக் கட்டடங்களில் விளக்கு எரியும் என்ற கணக்கையும் அரசு வெளியிடட்டும்.