டயரை மாட்டினால் போதுமா?

கணவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். மனைவி பின்னால் அமர்ந்து இருக்கிறார். வண்டி மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது.

அந்த வேகத்தில் அவர்கள் இருவரையும் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

இரண்டே இரண்டு ரப்பர் துண்டுகள்! ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். டயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு நேரத்தில் அது தரையைத் தொடும் இடம் அவ்வளவே.

பிரேக் போட்டால் வண்டி நிற்பது அந்த உள்ளங்கை அளவு இடத்தால்தான். வளைவில் சறுக்காமல் திரும்புவதும் அதனால்தான்.

ஆனால் நடப்பது என்ன?

வண்டியை வாங்கியதும் புது ஹாரன் வைக்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். சீட்டுக்கு உறை போடுகிறார்கள். டயர் மாற்றும்போது மட்டும், "சீக்கிரம் மாட்டு தம்பி, வேலை இருக்கிறது" என்று அவசரப்படுத்துகிறார்கள்.

டயரை மாட்டினால் மட்டும் வேலை முடிந்து விடுமா? முடியாது. அது ரிம்மில் நேராக உட்கார்ந்து இருக்கிறதா, சக்கரம் முழுவதும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

வண்டிக்காரர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு உரிய கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இருந்த மரியாதை

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைக் கிராமத்துப் பெரியவர்கள் பார்த்து இருப்பார்கள்.

கொல்லர் பட்டையைத் தீயில் போட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டில் பட்டை விரியும். அதை மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, சுற்றிலும் தட்டிச் சரி செய்வார். பிறகு தண்ணீர் ஊற்றுவார். பட்டை சுருங்கி, சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று கவனிப்பார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகுதான் வீடு திரும்புவார்.

மாட்டு வண்டியின் வேகம் மனிதன் நடக்கும் வேகந்தான். அதற்கே அவ்வளவு கவனம்! பறந்து செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

பெல்பாஸ்டில் பிறந்தது

காற்று அடைத்த டயரை உலகம் எங்கும் பரவச் செய்தவர் ஜான் பாய்டு டன்லப். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அயர்லாந்துத் தீவில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று ஆடாமல் ஓட வேண்டும் என்று காற்று அடைத்த டயரைச் செய்தார். 1888-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஒரு பிள்ளையின் சுகத்துக்காகப் பிறந்த டயரில், இன்று கோடிக்கணக்கான குடும்பங்கள் போகின்றன.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1946-ம் ஆண்டில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனந்தான் பிறகு எம்.ஆர்.எப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1955-ம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் புல்லட் மோட்டார் சைக்கிள்களும் அதே திருவொற்றியூரில் தயாராயின.

நல்ல டயரும் இங்கே கிடைக்கிறது. நல்ல வண்டியும் இங்கே கிடைக்கிறது. இரண்டையும் ஒன்று சேர்ப்பவர் பஞ்சர் கடைக்காரர். அவர் கையில்தான் மிச்சம் இருக்கிறது.

சரியாக மாட்டுவது எப்படி?

டயரின் இரு ஓரங்களிலும் உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறது. அந்த ஓரம் நீளாது. ஆகவே பலத்தைக் காட்டி அதை ரிம்முக்குள் தள்ள முடியாது.

அதற்கு ஒரு வழி உண்டு. ரிம்மின் நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். ஒரு பக்கத்து ஓரத்தை அந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்தால், எதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, லீவரைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் டயர் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் விடும்.

தொழில் தெரிந்தவர் இப்படித்தான் செய்கிறார். அவசரக்காரர் திருப்புளியை விட்டு நெம்புகிறார்!

அதனால் என்ன ஆகிறது? உள்ளே இருக்கும் டியூப் லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்குகிறது. அன்று தெரியாது. நாலு நாள் கழித்து, நடு ரோட்டில் காற்று போகிறது. "டியூப் மட்டமான சரக்கு" என்று பழி போடுகிறார்கள். பாவம், டியூப் என்ன செய்யும்?

டியூப்பை உள்ளே வைக்கும் முன்பு லேசாகக் காற்று அடிக்க வேண்டும். அப்போதுதான் அது மடங்காது. ஸ்போக்ஸ் கம்பி உள்ள சக்கரமானால், கம்பி முனைகள் குத்தாதபடி ரிம் மேல் போடும் ரப்பர் நாடா நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

டியூப் இல்லாத டயரில் வேறு தொல்லை. லீவர் பட்டு ரிம்மின் ஓரம் கீறினால், அந்தக் கீறல் வழியாகக் காற்று கசியும்.

டயரின் ஓரம் ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்றால், சிலர் கண்டபடி காற்றை ஏற்றுகிறார்கள். இது பெரிய அபாயம். டயர் வெடித்தால் மாட்டுகிறவர் கை போய் விடும். காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிப்பதே முறை.

20 கிராம் செய்யும் வேலை

அடுத்தது எடை.

ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் சக்கரத்தைச் சுற்றி விடுங்கள். அது நிற்கும்போது பெரும்பாலும் ஒரே இடந்தான் அடியில் வந்து நிற்கும். அந்த இடத்தில் எடை கூடுதல் என்று அர்த்தம்.

மோட்டார் சைக்கிள் சக்கரமும் அப்படித்தான். டயரில் ரப்பர் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பது இல்லை. வால்வு இருக்கும் இடத்தில் சிறிது எடை கூடுதல்.

"இது என்ன பிரமாதம்? ஐந்து கிராம், பத்து கிராம்!" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

20 கிராம் என்பது சில ரூபாய்க் காசுகளின் எடைதான். 18 அங்குல ரிம்மின் ஒரு பக்கத்தில் இந்த 20 கிராம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது, அந்தச் சக்கரம் ஒரு விநாடிக்கு 9 தடவை சுற்றுகிறது. அப்போது அந்த 20 கிராம், சுமார் ஒன்றரைக் கிலோ எடையைப் போல் சக்கரத்தை வெளிப் பக்கம் இழுக்கும்!

வேகம் 90 கிலோ மீட்டர் ஆனால் இழுப்பு 3 கிலோவைத் தாண்டி விடும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், இழுப்பு நாலு மடங்கு ஆகும் என்பது இயற்கையின் சட்டம்.

மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. விநாடிக்கு 9 தடவை இப்படி நடந்தால், ஹாண்டில் நடுங்கும். டயர் மேடு பள்ளமாகத் தேயும். பேரிங் சீக்கிரம் பழுதாகும்.

இதைச் சரி செய்யப் பெரிய இயந்திரம் வேண்டியது இல்லை. சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சை இரண்டு தாங்கிகள் மேல் சமமாக வைக்க வேண்டும். எடை கூடிய இடம் தானாக அடியில் வரும். அதற்கு நேர் எதிரே, மேலே ரிம்மில் ஒரு சிறு உலோகத் துண்டை ஒட்ட வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் சக்கரம் அங்கேயே அசையாமல் நின்றால், எடை சமமாகி விட்டது.

பல டயர்களில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். டயரில் எடை குறைந்த இடத்தைக் காட்டும் அடையாளம் அது. அந்தப் புள்ளி வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால் பாதி வேலை முடிந்தது. இதற்குக் காலணா செலவு உண்டா?

"இத்தனை நாள் ஓடவில்லையா?"

"பேலன்ஸ் பார்க்காமலே இத்தனை வருஷம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் உண்டு.

அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஊருக்குள் 30 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் மொபெட்டுக்குச் சில கிராம் வித்தியாசம் தெரியாது. அவர்களுக்கு டயர் நேராக உட்கார்ந்து, காற்று சரியாக இருந்தால் போதும்.

ஆனால் காலம் மாறி விட்டது. நாலு வழிச் சாலைகள் வந்து விட்டன. 80, 90 என்று சாதாரணமாகப் போகிறார்கள். பழைய வேகத்துக்குப் போதுமாக இருந்த கவனம் புது வேகத்துக்குப் போதாது.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசு கணக்குக் காட்டியது. அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

இத்தனை பேரும் டயரால் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. வேகம், குடி, தலைக்கவசம் இல்லாமை, மோசமான சாலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் சாலை ஒருவர் கையில் இல்லை. எதிரே வரும் லாரி அவர் கையில் இல்லை. தம் வண்டியின் டயர் அவர் கையில் இருக்கிறது அல்லவா?

வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை

இதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. கண் இருந்தால் போதும்.

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும்.

ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் கோடு மறைந்தால், டயர் அங்கே சரியாக உட்காரவில்லை.

டயரில் நாலு எண்கள் இருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

சக்கரத்தை வண்டியில் பூட்டிய பிறகு, தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அலைந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கலாம். கோட்டம் எடுக்காமல் பேலன்ஸ் பார்த்துப் பயன் இல்லை. அச்சு நட்டு, செயின், பிரேக் மூன்றையும் சரி பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

காற்று எவ்வளவு என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பதையும் அதில் காணலாம்.

புது டயர் முதலில் வழுக்கும். முதல் நூறு கிலோ மீட்டருக்கு வேகம் வேண்டாம்.

கூலியில் கஞ்சத்தனம் ஏன்?

டயர் விலையில் பேரம் பேசுவதில் தவறு இல்லை. மாட்டும் கூலியில் பேரம் பேசுவதுதான் தவறு.

வெயிலிலும் புழுதியிலும் உட்கார்ந்து வேலை செய்கிறவர் பஞ்சர் கடைக்காரர். பத்து ரூபாயைக் குறைத்தால், அவர் பத்து நிமிடத்தைக் குறைத்துக்கொள்வார். குறைகிற அந்தப் பத்து நிமிடந்தான் டியூப் நசுங்கியதா, ஓரம் உட்கார்ந்ததா, எடை சமமா என்று பார்க்க வேண்டிய நேரம்!

டயர் விற்கும் கடைகளுக்கும் பொறுப்பு உண்டு. காருக்கு டயர் வாங்கினால் பேலன்ஸ் பார்த்துத் தருகிறார்கள். நாலு சக்கரத்தில் போகிறவரை விட இரண்டு சக்கரத்தில் போகிறவருக்குத்தானே ஆபத்து அதிகம்? மோட்டார் சைக்கிளுக்கும் அதை வழக்கமாக்க வேண்டும்.

அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள், சாலையோரக் கடைக்காரர்களுக்கு மாலை நேரத்தில் சில நாள் பயிற்சி கொடுக்கலாம். நல்ல லீவர் ஒரு ஜோடி, சக்கரம் வைக்கும் தாங்கி ஒன்று, காற்று அளக்கும் கருவி ஒன்று வாங்கச் சிறு கடனும் கொடுக்கலாம். பெரிய செலவு அல்ல. அதனால் காப்பாற்றப்படும் உயிர்களுக்கு விலை உண்டா?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். டயர் சரி இல்லாத வண்டி ஓடும். அதுதான் ஆபத்து! ஓடுகிறதே என்று நம்பி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த முறை டயர் மாற்றும்போது வண்டிக்காரர் கடையில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கட்டும்.

வீட்டில் அவருக்காகக் காத்திருப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத் தாமதத்துக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.