ஒரு பை மணல்

பனி பெய்வது பார்வைக்கு அழகு. பெய்த பனி இறுகிக் கட்டியாவதுதான் ஆபத்து. ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவின் தலைநகரான ஸப்போரோவில் வசிக்கும் ஏறக்குறைய 20 லட்சம் ஜனங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குளிர்காலம் முழுதும் அங்கே அவ்வப்போது விழும் பனியை அளந்து கூட்டினால் 5 மீட்டருக்குச் சற்றுத்தான் குறையும். அது பகலில் சிறிது இளகி, இரவில் மறுபடியும் இறுகி, நடைபாதைக்கெல்லாம் கண்ணாடி பதித்துவிடுகிறது.

முன்பு அவ்வூர் மோட்டார் வண்டிகள் குளிர்காலத்தில் முள் பதித்த டயர்களுடன் ஓடின. அந்த முட்கள் பனிக்கட்டியை மட்டுமா கீறின? அடியிலிருந்த தார்ச் சாலையையும் சுரண்டின. வசந்தம் வந்ததும் அந்தத் தூள் காற்றில் பறந்து ஜனங்களின் மூச்சை அடைத்தது. 1990-இல் ஜப்பானியப் பார்லிமெண்டு சட்டம் செய்து முள் டயர்களை விலக்கிற்று. நல்ல சட்டம், அதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் முள்ளில்லாத சக்கரங்கள் சுழன்று சுழன்று பனிக்கட்டிக்கு மெருகேற்றின. வீதியைக் குறுக்கே கடக்கும் இடங்களில் வழுக்கல் முன்னிலும் பலமாயிற்று. காற்று எல்லோருக்கும் சுத்தமாயிற்று. அதன் விலையில் பெரும் பங்கு நடந்து போகிறவர்கள் மீது விழுந்தது. வழுக்கி விழுந்து ஆம்புலன்ஸில் ஏறுகிறவர்கள் குளிர்காலந்தோறும் பல நூறு பேர். வாலிபன் விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவான். எழுபது வயதுப் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அப்புறம் அவள் வாசற்படி தாண்டுவாள் என்பது நிச்சயமில்லை.

உப்பைத் தூவினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். உப்பு பனிக்கட்டியை உருக்கும், மெய்தான். ஆனால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியை நெருங்கினால் அதன் வேகம் மிகவும் மந்தப்பட்டுவிடும். செடிகொடிகளுக்கும் இரும்புக்கும் அது பகை வேறு. மணல் எதையும் உருக்குவதில்லை. காலுக்குப் பிடி கொடுக்கிறது, அவ்வளவே.

ஆகவே ஸப்போரோவில் வீதி கடக்கும் இடங்களில் பெட்டிகளை வைத்து, அவற்றில் மணலும் பொடிக்கல்லும் நிரம்பிய சிறு பைகளைப் போட்டு வைக்கிறார்கள். போகிறவர் எவரும் ஒன்றை எடுத்துப் பிரித்து, வழுக்கும் இடத்தில் தூவிவிட்டுப் போகலாம். தூவுகிறவர் அந்த இடத்தைக் கடந்து போக அரை நிமிஷம்கூடப் பிடிக்காது; பின்னால் வருகிறவர் யாரென்பதும் அவருக்குத் தெரியாது. நம்மை மிகவும் கவர்ந்தது இதுதான். நகரசபை தன் வேலையை ஜனங்கள் தலையில் கட்டிவிட்டதென்று யாராவது முணுமுணுத்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆயினும் விடியற்காலையில் ஒவ்வொரு மூலைக்கும் ஓர் ஆளை அனுப்ப எந்த நகரசபைக்குக் கட்டும்?

வசந்தத்தில் பனி உருகி ஓடியதும் இந்த மணலெல்லாம் வீதியோரத்தில் தங்கிவிடும். அதைக் கூட்டி அள்ளுகிற வரையில், சட்டம் விரட்டிய புழுதியில் கொஞ்சம் திரும்பி வந்து பறக்கத்தான் செய்யும்.